கதவில்லாச் சூதுமனை

பினாங்குத் தீவில் 1786-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் கொடியேற்றிய பின்னர், கம்பெனி சர்க்கார் தன் செலவுக்குப் பணம் தேடிக்கொண்ட வழிகளுள் ஒன்று குத்தகை. அபின் விற்கக் குத்தகை, சாராயம் விற்கக் குத்தகை, சூதாடுமிடம் நடத்தக் குத்தகை என்று உரிமைகள் ஏலம் போயின. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனுக்குக் காலையில் கிடைத்த கூலி, மாலையில் குத்தகைக்காரனின் பெட்டிக்குச் சென்று, பின்னர் சர்க்காரின் பெட்டிக்கே திரும்பி வந்தது. இதனினும் இலேசான வரி வசூல் உலகில் வேறெங்கும் இருந்திராது.

இந்த இழிவை ஒழிக்க நெடுங்காலம் பிடித்தது. சிங்கப்பூரில் ராபிள்ஸ் 1823-இல் சூதாட்டத்தைத் தடை செய்தார். அவர் கப்பலேறிச் சென்றதும் வருமானத்தின்மேல் கண் வைத்தோர் அதனை மீண்டும் அழைத்து வந்தனர். 1829-இல் மறுபடியும் ஒழித்தார்கள். ஐக்கிய மலாய் நாடுகளிலோ 1912 வரை சூதாட்டக் குத்தகை நடந்தது. ஒழிந்தது என்று நம் பாட்டன்மார் பெருமூச்சு விட்டனர். ஆனால் குத்தகைக்காரன் சாகவில்லை. இன்று கதவும் பலகையும் இல்லாத கடையோடு திரும்பி வந்திருக்கிறான். அவனுக்கு இன்று இடப்பட்டிருக்கும் பெயர் "லைவ் காசினோ".

சூலியா தெருவை அறியாத பினாங்குத் தமிழர் இல்லை. லைட் வகுத்த பழைய நகரத்தின் எல்லைத் தெருக்களில் அஃது ஒன்று. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர், மாலுமிகள், படகோட்டிகள் ஆகியோரின் பெயரையே அது தாங்கி நிற்கிறது. கிங் தெரு சந்திக்கும் முனையில் நாகூர் தர்கா. சற்றுத் தள்ளிக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். நடந்தெட்டும் தூரத்தில் குவீன் தெரு மகாமாரியம்மன் கோயில். உழைத்தும் சேமித்தும், ஊருக்குப் பணம் அனுப்பியும், பள்ளிவாசலும் கோயிலும் கட்டியும் வாழ்ந்த ஒரு ஜனசமூகத்தின் சுவடு அங்கே ஒவ்வொரு சுவரிலும் இருக்கிறது. 2008-இல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்டபோது அச் சுவர்களுக்கு ஒரு மதிப்பு ஏற்பட்டது. அச் சுவர்களின் நிழலில் நிற்கும் மனிதனுக்கு என்ன நேர்கிறது என்பதை எந்த நிபுணர் குழுவும் வந்து பார்க்கவில்லை.

இரவு பத்து மணிக்குமேல் அத் தெருவின் ஐந்தடியில் நடந்து பாருங்கள். கடை மூடிய சிப்பந்தி, லாரி இறக்கிய தொழிலாளி, தங்கும் விடுதியின் காவற்காரர் எனப் பலரும் கைபேசியை நெஞ்சருகே பிடித்து நிற்பார்கள். சிலர் ஊரிலுள்ள மனைவியோடு பேசுகிறார்கள். சிலர் சினிமா பார்க்கிறார்கள். இன்னும் சிலருடைய திரையில் பச்சைக் கம்பளி விரித்த மேசை ஒன்று தெரியும். அதன் பின்னே அலங்காரம் செய்துகொண்ட ஒரு பெண் புன்னகையோடு சீட்டுப் போடுவாள். நிற்பவரின் கட்டைவிரல் மட்டும் அசையும். அவருடைய ஒருநாட் கூலி ஓசையின்றிக் கரையும். போலீசார் உடைக்க அங்கே ஒரு கதவும் இல்லை.

இந்த வித்தையின் அமைப்பை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். லாத்வியாவின் ரீகா, ஜியார்ஜியாவின் திபிலிசி, மால்ட்டாத் தீவு முதலிய இடங்களில் பெரிய படப்பிடிப்புக் கூடங்கள் உள்ளன. அங்கே மேசைகளும் சுழல்சக்கரங்களும் வரிசை வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. உயிருள்ள மனிதர் சீட்டைப் போடுகிறார். மேசையின் கீழுள்ள சிறு யந்திரம் காட்சியை எண்களாக்கி அனுப்புகிறது. கேமராவோடு இணைந்த மற்றொரு யந்திரம் சீட்டின் எண்ணைப் படித்து, வென்றவர் யார், தோற்றவர் யார் என்று நொடியில் கணக்கிடுகிறது. ஸ்வீடனில் 2006-இல் தோன்றிய எவொல்யூஷன் என்னும் கம்பெனி இத் தொழிலில் தலைசிறந்து நிற்கிறது. சில நாடுகளில் இதற்கு லைசென்சு உண்டு. நம் நாட்டில் எவருக்கும் இல்லை. ஆயினும் ஏஜெண்டுகளும் பெயர் மாறிக்கொண்டேயிருக்கும் தளங்களும் இத்தகைய மேசைகளை நம் ஜனங்களின் உள்ளங்கையில் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

யந்திரமே எல்லாம் செய்யுமெனில் பெண்ணின் முகம் எதற்கு? இங்கேதான் சூழ்ச்சி இருக்கிறது. தானே எண்ணைத் தேர்ந்தெடுக்கும் யந்திரத்தைத் தொழிலாளி சந்தேகித்தான். "பெட்டிக்குள் என்ன செய்கிறார்களோ" என்றான். அந்தச் சந்தேகம் அவனைக் காத்த ஒரே அரண். அதனை இடிக்கவே ஒரு முகத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவள் பெயர் சொல்லி வணக்கம் கூறுகிறாள், வென்றால் வாழ்த்துகிறாள், தோற்றால் அடுத்த முறை ஆகட்டும் என்கிறாள். நாள் முழுதும் ஒருவரும் மரியாதையாகப் பேசாத மனிதனுக்கு இந்தப் பேச்சு எத்தகைய இன்பம் தரும் என்பதைக் கடை முதலாளிகளும் தோட்டத் துரைமார்களும் சிந்திக்கக் கடவர். விற்கப்படும் சரக்கு சூது மட்டுமன்று. நம்பிக்கையும் மரியாதையும் சேர்த்து விற்கப்படுகின்றன.

இப்போது இத்தொழிலில் தோன்றியிருக்கும் புதிய போக்குகள் நான்கு.

முதலாவது வேகம். விரைவு பாக்கராட் என்னும் ஆட்டத்தில் ஒரு சுற்று 27 நொடியில் முடிகிறது. நினைக்க நேரமிருந்தால் மனிதன் எழுந்து போய்விடுவான். ஆகவே நினைக்கும் நேரத்தையே எடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது பெருக்கம். 2018-இல் வந்த மின்னல் ரூலெட் என்னும் ஆட்டத்தில் சில எண்களின்மேல் மின்னல் விழுந்ததாகக் காட்டி, அவற்றிற்கு ஐந்நூறு மடங்கு வரை பரிசு என்று ஆரவாரம் செய்கிறார்கள். அந்தப் பரிசு எங்கிருந்து வருகிறது? சாதாரண ரூலெட்டில் ஓர் எண்ணுக்கு 35 மடங்கு கொடுப்பது வழக்கம். இங்கே மின்னல் விழாத எண்ணுக்கு 29 மடங்குதான். நூறு பேரிடம் சில்லறையாகப் பிடித்ததை ஒருவனுக்குக் கொட்டிக் காட்டி, மற்றத் தொண்ணூற்றொன்பது பேரையும் மயக்குவதே அவ்வாட்டத்தின் இரகசியம். 2020-இல் வந்த கிரேஸி டைம் முதலியவை இன்னும் ஒருபடி மேலே சென்று, தொலைக்காட்சி விநோத நிகழ்ச்சியைப்போல் வண்ணச் சக்கரமும் பாட்டும் கூத்துமாகச் சூதாட்டத்தை நடத்துகின்றன.

மூன்றாவது எல்லையின்மை. உண்மையான பிளாக்ஜாக் மேசையில் ஏழு பேர் அமர்ந்தால் எட்டாமவர் நிற்கவேண்டும். 2018-இல் வந்த முடிவிலாப் பிளாக்ஜாக்கில் எத்தனை ஆயிரம் பேரும் ஒரே சமயத்தில் ஒரே மேசையில் அமரலாம். ஒருத்தியின் கூலி, ஆயிரவரின் நஷ்டம். எந்தத் தோட்டத்திலும் இத்தகைய அறுவடை கண்டதில்லை.

நான்காவது சொந்தமுகம். நம் நாட்டுப்புறங்களில் மங்காத்தா என்றும் உள்ளே வெளியே என்றும் ஆடிய ஆட்டத்தை, அந்தர் பாஹர் என்ற வடநாட்டுப் பெயரோடு மேசைமேல் ஏற்றிவிட்டார்கள். இந்தியில் பேசும் மேசைகள் வந்திருக்கின்றன. நம் தமிழை மட்டும் அவர்கள் விட்டுவைப்பார்கள் என்று எண்ண இடமில்லை. ஆலமரத்தடி ஆட்டமும் குடியைக் கெடுத்ததுதான், எனினும் அங்கே தோற்றவன் பணம் அடுத்த வீட்டுக்காரனிடம் இருந்தது, பஞ்சாயத்தில் கேட்கலாம், மனைவி வந்து சீட்டைக் கலைக்கலாம். திபிலிசியிலுள்ள மேசையை எந்த மனைவி போய்க் கலைப்பாள்?

"ஆட்டத்தில் மோசடி உண்டா?" என்று கேட்கிறார்கள். போலித் தளங்களில் மோசடி உண்டு. ஆயினும் என் வாதம் அதன்மேல் நிற்கவில்லை. ஆட்டம் முற்றிலும் நேர்மையானது என்றே வைத்துக்கொள்வோம். நேர்மையான ஆட்டமே குடியைக் கெடுக்கப் போதும் என்பதைக் கணக்கினாலே காட்டுகிறேன்.

ஐரோப்பிய ரூலெட்டில் 37 குழிகள். பரிசோ 35 மடங்கு. ஆகவே நூறு வெள்ளி வைத்தால் சராசரி 2 வெள்ளி 70 காசு கடைக்காரனுக்கு. அந்தர் பாஹரில் முதற்சீட்டு விழும் பக்கம் நூற்றுக்கு ஏறத்தாழ 51½ முறை வெல்லும். அதை அறிந்தே அப் பக்கத்திற்கு ஒரு வெள்ளிக்கு 90 காசுதான் பரிசு வைத்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் கட்டினாலும் நூற்றுக்கு இரண்டோ மூன்றோ போகும். பாக்கராட்டில் ஆட்டக்காரன் பக்கம் கட்டினால் நூற்றுக்கு 1 வெள்ளி 24 காசு. சமநிலை வருமென்று கட்டினால் 14 வெள்ளிக்குமேல்.

"ஒன்றேகால் வெள்ளிதானே" என்பவர் கவனிக்க. 27 நொடிக்கு ஒரு சுற்றென்றால் மணிக்கு 133 சுற்று. சுற்றுக்கு ஐந்தே வெள்ளி கட்டினாலும் ஒரு மணியில் 665 வெள்ளி கைமாறுகிறது. அதில் நூற்றுக்கு 1.24 வீதம் ஏறத்தாழ 8¼ வெள்ளி. இரவுக்கு மூன்று மணி, மாதம் முப்பது இரவு என்றால் 740 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஐந்தில் இரண்டு பங்குக்குமேல் போயிற்று! இதுவும் நிதானம் தவறாமல், குறைவாகப் பிடிக்கும் பக்கத்திலேயே கட்டுகிறவனுக்கு உள்ள சராசரிக் கணக்கு. தோற்றதை மீட்க இரட்டிப்பாகக் கட்டுகிறவனின் கணக்கைச் சொல்லவேண்டியதில்லை. அதனை ஆலோங் என்னும் வட்டி முதலையின் நோட்டுப் புத்தகத்தில் காணலாம்.

இனி "போனஸ்" என்னும் தூண்டிலைப் பார்ப்போம். நூறு கட்டினால் நூறு இனாம் என்று விளம்பரம் வரும். இருபது மடங்கு ஆடினாலன்றிப் பணத்தை எடுக்க முடியாது என்பது நிபந்தனை. இருநூறு வெள்ளிக்கு இருபது மடங்கு 4,000 வெள்ளி. அதை ரூலெட்டில் சுற்றினால் சராசரி நஷ்டம் 108 வெள்ளி. கொடுத்த இனாம் நூறு, பிடித்தது நூற்றெட்டு! இந்தக் கணக்கைப் போட ஐந்தாம் வகுப்புப் படிப்பு போதும். ஆனால் விளம்பரம் தமிழில் வருகிறது; நிபந்தனை ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் ஒளிந்து கிடக்கிறது. ஆங்கிலப் பள்ளியில் படித்த என்போன்றோர் அதைப் படித்துப் புன்னகை செய்துவிட்டு ஒதுங்கிவிடுகிறோம். பக்கத்து லயத்துத் தொழிலாளிக்கு அதை எடுத்துச் சொல்ல நாம் கற்ற ஆங்கிலம் உதவவில்லையெனில், அது யாருக்காகக் கற்ற கல்வி?

நான் தோட்டத்துக் கிராணி. சம்பளப் பதிவேடே எனக்குப் பாடப்புத்தகம். முன்பெல்லாம் முன்பணம் கேட்பவர் பிள்ளையின் காய்ச்சல், ஊரில் சாவு, பள்ளிக்கூடச் செலவு என்று மாதக் கடைசியில் வருவார்கள். இப்போது சம்பளம் வங்கியில் விழுந்த மூன்றாம் நாளே சில இளைஞர் வருகிறார்கள். காரணம் சொல்வதில்லை, கேட்டாலும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். 2024 மே மாதம் ஊழியர் சேமநிதியில் மூன்றாம் கணக்கு ஏற்பட்டது. முதுமைக்கென்று பிடிக்கப்படும் பணத்தில் பத்தில் ஒரு பங்கை வேண்டியபோது எடுக்கலாம். ஐம்பது வெள்ளி இருந்தாலே போதும். அவசரத்துக்கு உதவும் ஏற்பாடு அது. அதனைக் குறை கூறவில்லை. ஆனால் அந்தக் கணக்கும் அந்தப் பச்சை மேசையும் ஒரே கைபேசியில் ஒரு விரற்கடை இடைவெளியில் இருக்கின்றன. அறுபது வயதில் குடிக்க வேண்டிய கஞ்சியை முப்பதாம் வயதில் நடுநிசியில் பணயம் வைக்கிறான் மனிதன். அவன் மனைவி அதை அறிவதில்லை. தாலிக்கொடி அடகுக்குப் போகும் நாளில்தான் அறிகிறாள்.

திரையிலுள்ள அந்தப் பெண்ணையும் நாம் மறத்தலாகாது. அவளை மோகினி என்றும் மாயக்காரி என்றும் ஏசுவது நம் பழைய அநீதி. அவளும் நம்மைப்போல் கூலிக்கு உழைப்பவள். சிரிப்பதும் அவளுக்கு வேலை. 2024 ஜூலையில் திபிலிசியிலுள்ள எவொல்யூஷன் கம்பெனித் தொழிலாளர் ஊதிய உயர்வும் நல்ல வேலைச் சூழலும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். சிலர் உண்ணாவிரதமும் இருந்தனர். பிலிப்பைன்ஸில் பிற நாட்டவருக்காக நடந்த இணையச் சூதுக் கம்பெனிகளைச் சோதித்தபோது, ஏமாற்றி அழைத்துவரப்பட்டு அடைக்கப்பட்டிருந்த பல நாட்டவர் மீட்கப்பட்டனர். அதனால் அந்நாட்டு ஜனாதிபதி 2024 ஜூலை 22-இல் அவற்றைத் தடைசெய்வதாக அறிவித்தார். ஒப்பந்தக் கூலியாகக் கப்பலில் ஏற்றப்பட்ட முன்னோரின் வழிவந்த நமக்கு இந்தக் கதை புதிதோ? மேசைக்கு இப்புறம் ஒரு தொழிலாளி. அப்புறம் ஒரு தொழிலாளி. இருவருக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாமல் முதலாளி.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம்.

"அவனவன் பணம், அவனவன் இஷ்டம்" என்பார் உளர். இஷ்டம் என்பது யோசிக்க இடமுள்ள இடத்தில்தான் உண்டு. 27 நொடியில் யோசனையைப் பறித்துவிட்டுச் சுதந்திரம் பேசுவது, ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு மௌனம் சம்மதம் என்பதைப் போன்றது.

"லைசென்சு கொடுத்து வரி வாங்கினால் சர்க்காருக்கு லாபம், கெந்திங் மலையில் நடக்கவில்லையா?" என்பார் உளர். 1971-இல் திறந்த அச் சூதுமனைக்குக் கதவு உண்டு. இருபத்தொரு வயது நிரம்பாதவரும் முஸ்லிம்களும் உள்ளே செல்லலாகாது என்று வாசலில் நிறுத்துகிறார்கள். மலையேறப் பஸ்ஸில் நேரமும் பணமும் ஆகும். அதற்குள் புத்தி வந்தாலும் வரும். கைபேசியோ வயது கேட்பதில்லை, மதம் கேட்பதில்லை, மணி பார்ப்பதில்லை. தவிர, ஏழையின் நஷ்டத்தில் பங்கு வாங்குவதே சர்க்காரின் தொழில் என்றால், லைட் துரை காலத்துக் குத்தகையை நாம் ஒழித்தது எதற்காக?

"சட்டம் இருக்கிறதே" என்பார் உளர். இருக்கிறது. பொதுச் சூதாட்ட இல்லச் சட்டமும் பந்தயச் சட்டமும் 1953-இல் செய்யப்பட்டவை. இல்லம் என்றாலே கூரையும் கதவும் உள்ள இடம் என்று கருதிய காலம் அது. சூதாட்ட இல்லத்தில் ஆடினவனுக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. திருத்தவேண்டுமென்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. பேச்சு நடக்கும்போதே ஆட்டமும் நடக்கிறது. இந்தியப் பாராளுமன்றம் 2025 ஆகஸ்டில் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து, அவற்றை நடத்துவோர், விளம்பரம் செய்வோர், பணப்போக்குவரத்துக்கு உதவுவோர் ஆகிய மூவரையும் குற்றவாளிகளாக்கிச் சட்டம் செய்தது. ஆடினவனை அச் சட்டம் தண்டிக்கவில்லை. அந்த நோக்கு சரியானது.

கடைசியாக நம் உபதேசிகள். "தலைவிதி, கிரகபலன், தருமனும் நளனும் ஆடவில்லையா" என்கிறார்கள். தலைவிதி என்பவன் கடைக்காரனுக்கு ஏஜெண்டு வேலை பார்க்கிறான். 37 குழிகளில் எந்தக் கிரகமும் உட்கார்ந்திருக்கவில்லை. வள்ளுவர் சூது என்னும் அதிகாரத்தை எங்கே வைத்தார் என்று பாருங்கள். பொருட்பாலில் வைத்தார், கள்ளுண்ணாமைக்குப் பின்னும் மருந்துக்கு முன்னுமாக வைத்தார். பாவம் என்று பயமுறுத்துவதோடு நிற்காமல், பொருளும் உடலும் பற்றிய காரியமாக அதைக் கண்டார் என்றே நான் கொள்கிறேன். நாமும் அப்படியே காண்போமாக.

செய்யவேண்டியது யாது? 1947-இல் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்து, அடியும் சிறையும் பட்டனர். அவர்களுக்கு முன்னே ஒரு கடை நின்றது. நமக்கு முன்னே கடையில்லை. ஆனால் கடைக்குச் செல்லும் வழிகள் உள்ளன. முதல் வழி பணம். பிறர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குகளின் வாயிலாகவே இப்பணம் ஓடுகிறது. தோட்டத்திலும் தெருவிலும் ஐம்பது நூறு வெள்ளிக்குத் தன் கணக்கையும் அட்டையையும் வாடகைக்கு விடும் இளைஞனுக்கு, நீ குத்தகைக்காரனின் கணக்கப்பிள்ளையாகிறாய் என்று சொல்லவேண்டும். இரவு நேரத்தில் தன் கணக்கைத் தானே பூட்டிக்கொள்ளும் வசதியை வங்கிகள் எளிய தமிழிலும் விளக்கித் தரவேண்டும். இரண்டாம் வழி ஏஜெண்டு. அவன் அந்நியன் அல்லன். நம்மோடு தேநீர் குடிப்பவன். திருவிழாவுக்கு நன்கொடை எழுதுபவன். அவன் நன்கொடையைத் திருப்பிக் கொடுக்கும் துணிவு எத்தனை ஆலயக் கமிட்டிக்கு உண்டு? அத்துணிவே இன்றைய மறியல். மூன்றாம் வழி அறியாமை. இந்நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. மேலே நான் போட்ட கணக்கை ஆறாம் வகுப்புக் கரும்பலகையில் ஒருமுறை போட்டால், பிள்ளை வீட்டுக்குச் சென்று தகப்பனிடம் அதைச் சொல்வான்.

சிக்கிக்கொண்டவனைத் தள்ளிவைக்கவேண்டாம். தலைகுனிந்து வருகிறவனைத் தலைநிமிர வைத்து, கடனை எழுதிக் கணக்கிட்டு, சங்கத்தின் துணையோடு வட்டி முதலையினிடமிருந்து பிரித்தெடுப்பதே நம் கடமை. வெட்கம் அவனுடையதாக இருக்கும்வரை லாபம் குத்தகைக்காரனுடையது. வெட்கத்தை இடம் மாற்றுவோம். சூலியா தெருவில் கடனில்லாமல் கடை வைத்து, காசு காசாய்ச் சேர்த்து இச் சமூகத்தை நிறுத்திய முன்னோரின் பேரப்பிள்ளைகள், அத் தெருவின் ஐந்தடியில் நின்று அதனைக் காசு காசாய்க் கட்டைவிரலால் தள்ளிவிடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்போர், சூதாடாவிட்டாலும் அச் சூதுக்கு உடந்தையே.